ஓஃபீலியா பர்ராகானின் காற்று

லோமா செக்கா சமுதாயக் கல்லூரியின் ஓட்டத்தளத்தில் காற்று எந்நேரமும் ஓடுகிற பெண்களின் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வீசியது. நேர்பாதையில் தெற்கிலிருந்து வரும். வளைவில் அவர்களோடு சேர்ந்து வளையும். எதிர்ப்பக்க நேர்பாதையில் வடக்கிலிருந்து வரும். நானூறு மீட்டரைச் சுற்றி வருகிறவள் ஒரு கணம்கூட எதிர்காற்றைக் கண்டதில்லை. அதே நேரத்தில் பக்கத்துப் பாதாம் தோப்பில் ஓர் இலைகூட அசையாது. குறுவோட்டப் பயிற்சியாளராக ஓஃபீலியா பர்ராகான் வேலைக்குச் சேர்ந்த பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணிக்கு இது தொடங்கியது. அன்று தலைமைப் பயிற்சியாளர் ஹாகோப் தெர்சியானின் தொப்பி மட்டும் பறந்தது. அடுத்த வாரம் முதல் அவர் தொப்பியைத் தாடையோடு கயிறு கட்டிக்கொண்டார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பயிற்சியாளர்கள் மூன்று பேர். மூவருக்குமே அது பாதி வேலைதான். குண்டும் வட்டும் எறியக் கற்றுக்கொடுத்த ஹாகோப்புக்கு ஊருக்குக் கிழக்கே உலர்திராட்சைத் தோட்டம் இருந்தது. தாண்டுதல்களைப் பார்த்துக்கொண்ட பா ஹுவா வாங், காலையில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுவாள். அந்தப் பழக்கத்தில் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். ஓஃபீலியா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அவளுடைய பேருந்து மற்றவற்றைவிடப் பாதி டீசலே குடித்ததால், பணிமனைக்காரர்கள் அதை மூன்று முறை பிரித்துப் பார்த்து மூன்று முறையும் ஒன்றும் கிடைக்காமல் பூட்டினார்கள்.

காற்று ஓஃபீலியாவிடமிருந்துதான் வந்தது என்பது முதல் பருவம் முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாராவது ஓடினால், அவள் முன்னால் போக வேண்டுமே என்று ஓஃபீலியாவின் மனசு அடித்துக்கொள்ளும். உடனே காற்று கிளம்பும். அதில் அவளுக்கு நம்மூர், வெளியூர் என்ற வேற்றுமை கிடையாது. எதிரணியின் கடைசிப் பெண் மூச்சிரைத்துத் தள்ளாடினால் காற்று இன்னும் பலமாக அடித்தது. ஒரு வசந்தத்தில், பந்தயத்தைக் குறுக்கே கடந்த பீட்சா கடைப் பையனும் தள்ளப்பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டி நான்காம் இடத்தைப் பிடித்தான்.

சிக்கல் விதிப்புத்தகத்தில் இருந்தது. நூறு மீட்டரில் பின்காற்று வினாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் அடித்தால், ஓடியவள் ஜெயிக்கலாம். ஆனால் அந்த நேரம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. லோமா செக்காவில் காற்று ஐந்துக்குக் கீழே இறங்கியதே இல்லை; வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனாலும் அது கூடவே வந்தது. பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கல்லூரிப் பெண்கள் கோப்பைகளை வாரிக்கொண்டு வந்தார்கள். அவற்றை வைக்க இடமில்லாமல் உடைமாற்றும் அறையில் குளிக்கும் தடுப்பறை ஒன்றையே மூடி அவற்றால் நிரப்பினார்கள். ஆனால் செல்லுபடியான நேரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு அது பொருட்டாகவும் இல்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள், செவிலியர் படிப்பு முடித்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வளைவில் நின்று காற்று வாங்கிவிட்டுப் போனார்கள்.

தியோலிந்தா ஃபுர்தாதோவுக்கு அது பொருட்டாக இருந்தது. அவளுடைய அப்பாவுக்கு முந்நூற்று நாற்பது பசுக்கள். தினமும் பால் கறந்துவிட்டு, ரப்பர் பூட்ஸைக் கழற்றி முள்காலணியை மாட்டிக்கொண்டு வருவாள். இருபது வயது, பேச்சு குறைவு, ஓடினால் பார்ப்பவர்கள் கையிலிருந்த தீனியை மறந்துவிடுவார்கள். வடக்கே ஒரு பல்கலைக்கழகம் அவளை முழு உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நூறு மீட்டருக்குப் பதினொன்று புள்ளி ஆறு ஐந்து வினாடிக்குள், செல்லுபடியாகும் ஒரு நேரம் கேட்டார்கள், ஏப்ரல் முடிவதற்குள். அவள் ஏற்கெனவே பத்து புள்ளி ஒன்பது நான்கு ஓடியிருந்தாள். பின்காற்று ஆறு புள்ளி எட்டு. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம் பணிவாக, இது ஓட்டமா விமானப் பயணமா என்று கேட்டது.

“நான் தள்ளிப் போயிடறேன்” என்றாள் ஓஃபீலியா. அவள் பேருந்தை எடுத்துக்கொண்டு ஐந்து மைல் போனாள். காற்றுமானி ஆறு என்றது. இருபது மைலில், தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலையோரம் நின்று தொலைபேசியில் கேட்டபோது ஆறரை. மலையடிவாரத்தில் ஏழு. எவ்வளவு தூரம் போகிறாளோ அவ்வளவுக்குக் கவலை கூடியது என்று பா ஹுவா கணித்தாள். அதனால் கிட்டத்திலேயே, ஹாகோப்பின் திராட்சைக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். அன்று தளம் முழுக்க உலர்திராட்சை வாசனையோடு காற்றடித்தது. வருமான வரிப் படிவத்தைக் கையில் கொடுத்து, அதை மட்டும் நினைக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் இருந்த படிவங்கள் எல்லாம் பறந்தன. கடைசியில் ஹாகோப் ஒரு யோசனை சொன்னார்.

“ஏம்மா, அந்தப் பொண்ணைக் கொஞ்சம் வெறுத்துத்தான் பாரேன்.”

ஓஃபீலியா முயன்றாள். தியோலிந்தாவை நேருக்கு நேர் பார்த்து, “உன்னைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. சோம்பேறி. திமிரு புடிச்சவ” என்றாள்.

தியோலிந்தா பாவமாக, “சரி கோச்” என்றாள்.

காற்று ஒன்பதுக்குப் போய், வட்டெறியும் கூண்டின் வலையைக் கிழித்தது.

அன்று ஓஃபீலியா ராஜினாமாக் கடிதம் எழுதினாள். தளத்துக்கு மேலே சரிவில் நிறுத்தியிருந்த பேருந்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதினாள். தன் ஆசையே அந்தப் பெண்ணின் காலைக் கட்டுகிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது. இதே கல்லூரியில், பத்தொன்பது வயதில், அவளும் குறுவோட்டக்காரிதான். கடைசிப் போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது அப்பா பழம் பொட்டலம் கட்டும் கொட்டகையில் ஏணியிலிருந்து விழுந்தார். அவள் சீருடையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு தனக்காக அவள் ஓடியதே இல்லை.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, பேருந்து நகர்ந்துகொண்டிருந்தது. கைத்தடையைப் போட மறந்திருந்தாள். அவள் துள்ளி எழுவதற்குள் வண்டி சரிவில் வேகம் பிடித்தது. பேருந்து போனால் வேலையும் போகும். ஓஃபீலியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு துரத்தினாள். ஏழு வினாடியில் கதவைப் பிடித்துத் தொற்றி ஏறி நிறுத்தினாள். தளத்தில் அப்போது தியோலிந்தா ஓடிக்கொண்டிருந்தாள். காற்றுமானியைப் பார்த்துக்கொண்டிருந்த பா ஹுவா அதைத் தட்டிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள், பிறகு ஓடி வந்தாள்.

“ஏழு செகண்ட். சுத்தமா பூஜ்யம்!”

“எதுக்குப் பூஜ்யம்?” என்றாள் ஓஃபீலியா, ஸ்டியரிங்கில் தலையை வைத்தபடி.

“நீங்க உங்களுக்காக ஓடுனீங்க கோச். அடுத்தவங்களை நினைக்க உங்களுக்கு நேரமே இல்ல.”

ஹாகோப் ராஜினாமாக் கடிதத்தை வாங்கிப் படித்தார். திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்திலேயே பெயர்ப்பதிவு எழுதினார். ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை, சொந்தத் தளத்தில் திறந்த போட்டி. எந்தக் கல்லூரியையும் சேராதவர்களும் ஓடலாம். பெண்கள் நூறு மீட்டர், எட்டாம் தடம், ஓஃபீலியா பர்ராகான், வயது ஐம்பத்திரண்டு.

“என்ன விளையாடறீங்களா? சின்னப் பொண்ணுங்க நடுவுல என் மானம் போகும்.”

“போகட்டுமே. மானத்தை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?” என்றார் ஹாகோப். “ஆனா ஒண்ணு. நெசமாவே ஜெயிக்கணும்னு ஓடணும். நடிச்சா காத்துக்குத் தெரிஞ்சுடும்.”

வெள்ளிக்கிழமை முழு ஊரும் வந்திருந்தது. பேருந்தில் வரும் பிள்ளைகள் அவளுடைய பெயரை அட்டையில் தப்பும் தவறுமாக எழுதிப் பிடித்திருந்தார்கள். தியோலிந்தா நான்காம் தடத்தில் குனிந்து நின்றாள். எட்டாம் தடத்தில் ஓஃபீலியா காலணிக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கிவிட்டுக் குனிந்தாள். துப்பாக்கி வெடித்தது. முதல் நான்கு அடியில் அவளுக்குப் பழைய புத்தி வந்துவிட்டது: போ கண்ணு, போ. கொடிகள் படபடவென்று எழுந்தன. காற்றுமானியருகே பா ஹுவா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது ஏழாம் தடத்துப் பெண், பதினெட்டு வயது, குதிரைவால் கொண்டைக்காரி, ஓஃபீலியாவை முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்து, “பார்த்து ஓடுங்க ஆன்ட்டி” என்றாள்.

ஆன்ட்டியா? ஓஃபீலியாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. முப்பத்துமூன்று ஆண்டுகளாக எங்கோ மடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று அவளுக்குள் எழுந்து நின்றது. இவளை நான் முந்தியே ஆக வேண்டும், நான், வேறு யாருமில்லை. கொடிகள் சட்டென்று தொங்கின. தளத்தில் காற்றே இல்லை. பதினெட்டு ஆண்டுகளில் முதல்முறையாக லோமா செக்காப் பெண்கள் தங்கள் சொந்தக் காலால் மட்டும் ஓடினார்கள்.

காற்றுமானி துப்பாக்கி வெடித்ததிலிருந்து பத்து வினாடிதான் அளக்கும். பத்தாவது வினாடியில் அது சராசரி ஒன்று புள்ளி ஒன்பது என்று காட்டிவிட்டு நின்றது. தியோலிந்தா பதினொன்று புள்ளி ஐந்து எட்டில் கோட்டைத் தாண்டினாள். பலகையைப் பார்த்தாள், ஆனால் குதிக்கவில்லை. திரும்பி, இன்னும் முப்பத்தைந்து மீட்டர் பின்னால் முகம் சிவக்க வந்துகொண்டிருந்த ஓஃபீலியாவைப் பார்த்து, வாழ்நாளில் போடாத கூச்சலைப் போட்டாள்.

“கோச்! வாங்க கோச்! வாங்க!”

அவளோடு ஹாகோப் கத்தினார், பா ஹுவா கத்தினாள், பேருந்துப் பிள்ளைகள் கத்தினார்கள், பழைய மாணவிகள் குழந்தைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். காற்று வந்தது. இந்த முறை அது ஓஃபீலியாவிடமிருந்து வரவில்லை, அவளுக்காக வந்தது. அந்த முப்பத்தைந்து மீட்டரில் அவள் கால் நான்கு தடவைதான் தரையைத் தொட்டது. மூன்று என்பது கோட்டு நடுவரின் கட்சி. கொண்டைக்காரியை அவள் தோள் உயரத்தில் முந்தினாள். கோட்டைத் தாண்டியும் நிற்க முடியாமல், சிரித்துக்கொண்டே, வேலிக்கு மேலே போய், வண்டி நிறுத்துமிடத்தில் தியோலிந்தாவின் அப்பா கொண்டுவந்திருந்த குதிரைமசால் தீவனக் கட்டுகளின் மேல் விழுந்தாள். விடியலுக்கு முன்பே எழுந்த அசதியில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் தொப்பியை விலக்கிப் பார்த்தார்.

“போட்டி முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. உங்க பொண்ணு வடக்கே போறா” என்றாள் ஓஃபீலியா. அவள் தலைமுடியெல்லாம் காய்ந்த தழை.

மூச்சு வாங்க ஓடி வந்த பா ஹுவா வழக்கம்போல இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அவளுடைய நேரத்தைச் சொன்னாள்: பதின்மூன்று புள்ளி ஒன்பது இரண்டு. பத்தாவது வினாடிக்குப் பிறகு அடித்த காற்றைப் பற்றி விதிப்புத்தகம் எதுவும் கேட்பதில்லை என்பதால், அதுவும் செல்லும்.

தியோலிந்தா ஆகஸ்டில் வடக்கே போனாள். அவளுடைய தம்பிகள் முறை வைத்துப் பால் கறந்தார்கள். ஓஃபீலியா அதன்பின் ஒவ்வொரு சொந்தத் தளப் போட்டியிலும் எட்டாம் தடத்தில் ஓடுகிறாள். இரண்டாவது போட்டியிலிருந்தே வேலியின் அந்தப் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். உயரம் தாண்டும் பழைய மெத்தைகள் இப்போது வண்டி நிறுத்துமிடத்தின் வடகோடியில் கிடக்கின்றன. அங்கே யாரும் வண்டி நிறுத்துவதில்லை. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அந்தப் பக்கம் நடப்பவர்கள் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அவள் மேலே கடந்து போகும்வரை நின்று, பிறகு பாதாம் பூக்களுக்கு மழை வருமா என்று விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டு போகிறார்கள்.