கிளட்ச் மிதித்த நாத்தனார்

என் நாத்தனார் என் பேச்சைக் கேட்டது, நான் காருக்கடியில் படுத்திருக்கும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு. என் கணவர் போன பிறகு எங்கள் இருவருக்கும் மிஞ்சியது அந்தப் பழைய காரும், ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் வேலையும்தான். நான் அவளை மகாராணி என்று கூப்பிடுவேன். அவள் என்னை அண்ணி என்பாள், அதையும் வைகிற குரலில்.

அந்தக் காரின் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. எப்படியோ காற்று புகுந்துவிடும். புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கியர் விழாது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் அடியில் கியர்பாக்ஸ் பக்கம் கையை நுழைத்து ஸ்பேனரோடு கிடப்பேன். அவள் சீட்டில் இருப்பாள். "அழுத்து" என்பேன், அழுத்துவாள். "பிடி" என்பேன். "பிடிச்சிருக்கேன்" என்பாள். அங்கிருக்கும் காற்றெடுக்கும் ஸ்குருவைத் திறந்தால் எண்ணெயோடு காற்று கொப்புளம் கொப்புளமாக வரும். இறுக்கிவிட்டு "விடு" என்பேன். அதற்கு முன் அவள் காலை எடுத்துவிட்டால் போன காற்று திரும்ப ஏறிவிடும். ஆகவே அந்த ஒரு வேலையில் மட்டும் எதிர்ப்பேச்சு கிடையாது.

அன்று காலை "விடு" என்றேன். அவள் விடவில்லை. "காது செவிடா?" என்று கத்தினேன். எண்ணெய்க் கையோடு வெளியே வந்து பார்த்தால், ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தாள். கால் பெடலிலேயே இருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு பெடல் எழவில்லை. மெக்கானிக் கிளட்சின் மேல் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர் இரண்டையும் மாற்றினான். அவன் ஷெட்டில் ஒழுங்காக ஏறி இறங்கும். என் வாசலில் நிறுத்தி, துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தரையோடு கிடக்கும். காற்றுதான் என்று அவன் சொன்னான். எனக்குத் தெரியும், அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். இருந்தபோது என்னை ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட விடாதவள்தான். அதற்காகச் செத்த பிறகும் கால் கடுக்க உட்கார்ந்திருக்க வேண்டுமா? அவளை அந்த சீட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"ரிமோட் ப்ளீடர் போட்டுடலாம்கா, காத்து எடுக்கிற ஸ்குரு மேலயே வந்துடும்" என்று மெக்கானிக் வீட்டுக்கே வந்தான். பழைய ஸ்குருவைக் கழற்றி, அந்த ஓட்டையில் எஃகுக் கம்பி பின்னிய மெல்லிய குழாயை மாட்டினான். சூடு படாமல் சைலன்சரை விட்டுத் தள்ளி மேலே கொண்டுவந்து பேட்டரிக்குப் பக்கத்தில் இறுக்கிக் கட்டினான். குழாயின் நுனியில் ஒரு புது ஸ்குரு.

"உள்ள ஒரு சின்னக் குண்டு இருக்கு. காத்தை வெளிய விடும், திரும்ப உள்ள விடாது. இதை லேசாத் திறந்து வச்சிட்டு நீங்களே போய் மிதிக்கலாம். இனிமே யாரும் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க வேணாம்."

"ஒத்த ஆள் போதுமா?"

"போதும்கா."

ஸ்குருவில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, பாட்டிலுக்குள் விட்டான். மிதித்தான். கொப்புளம் வந்தது. எண்ணெய் ஊற்றி மறுபடி மிதித்தான். கடைசியில் வெறும் எண்ணெய் வந்தது. ஸ்குருவை இறுக்கினான். பெடல் கல் மாதிரி நின்றது. கசிகிறதா பாருங்கள் என்று பானெட்டைத் திறந்தபடியே விட்டுப் போனான்.

கை கழுவிவிட்டு வந்தேன். பெடல் தரையில் கிடந்தது. ஸ்குரு காய்ந்திருந்தது, ஒரு சொட்டுக் கசிவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "விடுடி மகாராணி" என்றேன். திட்டினேன். பிறகு கெஞ்சினேன். பெடல் அசையவில்லை. நல்ல பகல், தெருவில் ஆள் நடமாட்டம். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு காலி சீட்டோடு சண்டை போட்டேன். தான் விட்டால் காற்று ஏறிவிடும் என்று பயப்படுகிறாளோ என்று அப்போதுதான் தோன்றியது.

"சரி, நீ இறங்கு. நான் பிடிச்சிக்கிறேன்."

ஏறி உட்கார்ந்து காலை நீட்டினேன். பெடலைத் தொடுவதற்கு முன்பே என் பாதம் நின்றது. நடுவே ஒரு பாதத்தின் கனம் இருந்தது, சில்லென்று. ஆனாலும் நான் காலை எடுக்கவில்லை. அது மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து விலகியது. என் பாதம் ரப்பரில் பட்டதும் பெடல் என் காலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"போயிட்டியாடி" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது. வீட்டை விட்டு எப்போது தொலைவாள் என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன். இனி அந்த வீட்டில் யாரோடு மல்லுக்கட்டுவேன்? கண்ணைத் துடைத்துக்கொண்டு பெடலை ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். பாதியில் கெட்டியாக நின்றது.

முன்னால் ஸ்பேனர் ஸ்குருவில் உரசும் சத்தம் கேட்டது. என் காலுக்கடியில் பெடல் வழுக்கிக்கொண்டு தரைவரை போனது. யாராவது ஸ்குருவைத் திறந்தால்தான் அப்படிப் போகும். தூக்கி நின்ற பானெட் மறைத்ததில் அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

"பிடிச்சிருக்கேன்" என்றேன்.

குண்டு இருக்கிறது, விட்டாலும் காற்று ஏறாது. அது எனக்குத் தெரியும். கால் கடுக்கிறது. ஆனால் அவள் இன்னும் "விடு" என்று சொல்லவில்லை.