ஏரிக்கு வடிகால் வைத்தவர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது இல்லை, வேலை நேரத்தில் சுட்டது.

கணினியில் கேளிக்கைப் பூங்கா கட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ராட்டினம் வைக்கலாம், மலை எழுப்பலாம், ஏரி வெட்டலாம். அதில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு அரட்டைப் பெட்டியில் பதில் எழுதுவது என் பிழைப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு ஒருவர் எழுதினார்:

"ஏரியில தண்ணி நிக்க மாட்டேங்குது மேடம். நாலு மணிக்குள்ள நிக்கணும்."

2.

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

திரையின் நீல ஒளியில் அமர்ந்திருந்த அந்த மனிதனின் விழிகளில், வற்றிய ஏரியொன்றின்

போதும் தாயே. எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அவர் விழிகளை நான் எங்கே பார்த்தேன்? பார்த்தது அவருடைய கட்டைவிரலை மட்டும்தான். திரையை மொபைலில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பாதிப் படத்தை விரல் மறைத்திருந்தது.

3.

மீதிப் படத்தில் ஏரி இருந்தது. கரையெல்லாம் ஒரே உயரம், அம்சமாக இருந்தது. ஆனால் தண்ணீர்க் கருவியை வைத்தால் சிவப்பாக எரிந்து 'இங்கே நிரப்ப முடியாது' என்கிறதாம். ஏன் என்று சொல்லாது. எங்கள் விளையாட்டு சரியான கல்லுளிமங்கன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வடக்குக் கரையில், மண் தோண்டும் கருவியின் மிகச் சிறிய தூரிகை அளவில், சரிவு பார்த்துப் பார்த்து ஒரு கால்வாய் வெட்டப்பட்டிருந்தது. நேராகப் பூங்காவின் எல்லை வரை போனது.

"சார், இது என்ன?"

"வடிகால்."

"எதுக்கு?"

"எதுக்கா? மழை பேஞ்சு நிரம்புச்சுன்னா மிச்சத் தண்ணி எங்க போகும்? பக்கத்துலயே ராட்டினம் இருக்கு மேடம். புள்ளைங்க நடக்குற இடம்."

"அந்தப் புள்ளைங்க பொம்மைங்க சார்."

"இருந்தாலும்" என்று மட்டும் வந்தது.

அப்போதுதான் கேட்டேன், என்ன தொழில் என்று. குழாய் வேலை. இருபத்திரண்டு வருடம். வடிகால் இல்லாமல் ஒரு தொட்டியைக்கூட விட்டதில்லையாம்.

(பள்ளம் நான்கு பக்கமும் மூடியிருந்தால்தான் எங்கள் விளையாட்டில் தண்ணீர் நிரம்பும். விரற்கடை இடைவெளி இருந்தாலும் போச்சு. ஆனால் நிரம்பிய பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு வழியாது. இதை அவருக்குப் புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. புரிந்துவிட்டது. "கைதான் வர மாட்டேங்குது மேடம்" என்றார்.)

4.

இந்த வரைவைப் பக்கத்து இருக்கைக்காரியிடம் காட்டினேன். முகத்தைச் சுளித்தாள். "ஒரு குழாய்க்காரர் பட்டப்பகல்ல வேலையை விட்டுட்டு பொம்மை ஏரி கட்டுவாரா? யாருடி நம்புவா?"

நியாயமான கேள்வி. நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். ஒரு கட்டத்தில் அவரை ஓய்வுபெற்ற பொறியாளராக மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பொறியாளர் கால்வாயை வரைபடத்தில் போட்டிருப்பார், ராட்டினத்தடியில் நடக்கும் பொம்மைகளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஆகவே குழாய்க்காரரே இருக்கட்டும்.

அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். காரணம் அடுத்த பகுதியில்.

5.

கால்வாயை மூடச் சொன்னேன். மனிதர் சமன் செய்யும் கருவியை எடுத்துவிட்டார், அதுவும் இருப்பதிலேயே பெரிய தூரிகையில். ஒரே இழுப்பு. கால்வாய் போச்சு, ஏரி போச்சு, ஏரிக்கரையில் இருந்த குன்றும் போச்சு.

"ஐயோ."

"மேடம்."

"மேடம் இருக்கீங்களா? அந்தக் குன்று பாப்பா கட்டுனது."

"எதையும் தொடாதீங்க சார். சேமிக்கவே சேமிக்காதீங்க. கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்துங்க."

அழுத்தினார். குன்று எழுந்து வந்தது. ஏரியும் வந்தது. மூச்சு வந்த பிறகு அவராகவே எழுதத் தொடங்கினார். ஒற்றை விரலில் தட்டியிருப்பார் போல. ஒவ்வொரு வரியும் ஒரு யுகம் எடுத்தது.

"அவ வீட்டுக்காரியோட பொண்ணு மேடம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். பாப்பாவுக்குப் பன்னெண்டு வயசு."

"என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டா. 'இங்க பாருங்க'ன்னுதான் ஆரம்பிப்பா. ரொம்ப மரியாதையான புள்ள. அதான் கஷ்டமா இருக்கு. ஒரு தடவை சண்டை போட்டாக்கூட நல்லாருக்கும்."

"போன மாசம் இந்த ஏரியை வெட்டினா. தண்ணி நிக்கல. கம்ப்யூட்டரை மூடிட்டு அழுதா. தண்ணி சமாச்சாரம்தானே, என்கிட்டக் கேப்பான்னு பாத்தேன். கேக்கல."

"சின்ன தூரிகை எடுங்க சார், மெதுவா மண்ணை ஏத்துங்க" என்று எழுதினேன். அதுதானே எனக்குத் தெரியும்.

6.

மூன்று ஐம்பதுக்கு: "நின்னுருச்சு மேடம்!!!!"

மூன்று ஐம்பத்திரண்டுக்கு: "கேட் சத்தம் கேக்குது. ஸ்கூல் விட்டு வந்துட்டா."

உடனே இன்னொன்று. இத்தனை வேகமாக அவர் தட்டியதே இல்லை. எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறேன்:

"ஒண்ணு சொல்லுங்க மேடம். அவ ரூமுக்குள்ள நான் கேக்காம ஒரு நாளும் போனதில்ல. இன்னைக்கு அவளக் கேக்காம அவ பூங்காவைத் தொட்டுட்டேன். நான்தான் செஞ்சேன்னு சொல்லிரட்டுமா? இல்ல, தானா சரியாயிருச்சுன்னு விட்டுரட்டுமா?"

நான் எழுதி எழுதி அழித்தவை:

சார், உண்மையைச் சொல்லிவிடு

சந்தோஷத்தில் அவள் அதையெல்லாம் கேட்கவே மாட்

எனக்கும் அந்த வயதில் வீட்டுக்குப் புதிதாக ஒருத்தர் வந்தார், அவரும் இப்படித்தான் ஒரு நாள் என் சைக்கிளை எனக்குத் தெரியாமல்

பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. முன்பே எழுதிவைத்த பதிலை அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். 'வேறு ஏதேனும் உதவி தேவையா?' என்று போனது.

"இல்ல மேடம். நன்றி." பெட்டி மூடிக்கொண்டது.

7.

முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒன்றில் அவள் ஓடி வந்து "அப்பா" என்று கட்டிக்கொள்கிறாள். சீச்சீ, எட்டு மாதம் வராத சொல்லை என் வசதிக்கு ஒரு நொடியில் வரவழைப்பதா? இன்னொன்றில் "யாரைக் கேட்டுத் தொட்டீங்க?" என்று கத்துகிறாள், அவர் அந்தச் சண்டையைக் கண்கலங்க வாங்கிக்கொள்கிறார். இது எனக்குப் பிடித்தது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. இரண்டிலும் அவர் கேட்டதற்குப் பதில் இல்லை.

கதை எழுதுகிறவளுக்கு இருக்கும் ஒரே சலுகை, மூடிய பெட்டியைத் திறக்கலாம். திறந்துவிட்டேன். மணி மூன்று ஐம்பத்திரண்டு. அவள் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு கால் முடிந்தது, அடுத்த காலில் முடிச்சு இறுகிக் கிடக்கிறது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் நாற்காலியை உங்களுக்குத் தருகிறேன், உட்கார்ந்து அவருக்குப் பதில் எழுதுங்கள். என்னை மாதிரி எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்க வேண்டாம், அவருக்கு நேரமில்லை.

சார்,