பத்துக்கு இரண்டு

கிளினிக்கில் கொடுத்த படிவத்தில், தலை சீவுதல் என்ற வரிக்கு நேரே பியூலா டீச்சர் பத்துக்கு இரண்டு போட்டாள். அதுவே தாராளம். கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் உயிர் போய் வருகிறது, அதற்கு எதற்கு இரண்டு? இருபத்தொரு வருஷமாக விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா! மாடிப்படி ஏறுதல், ஒன்று. சமையல், நான்கு போட்டவள், காய் நறுக்கித் தருவது புருஷன் ஜெபராஜ் என்பது ஞாபகம் வர, அடித்து மூன்றாக்கினாள். தனக்கென்றால் இன்னும் கறார்.

ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் தெரியவே ஆறு வருஷம் ஆயிற்று. அதுவரை ரத்தம் நார்மல், எக்ஸ்ரே நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளியில் அவள் வகுப்பு இரண்டாவது மாடியில். கீழே மாற்ற டாக்டர் கடிதம் வேண்டும், முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். அந்தக் கடிதத்துக்காகத்தான் பீர்க்கன்கரணையிலிருந்து கிழக்குத் தாம்பரம் வந்திருந்தார்கள்.

டாக்டர் கோகிலவாணி படிவத்தைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கீங்க மேடம்! படி ஏற வெறும் ஒண்ணு போட்டிருக்கீங்க. நான் எப்படி லெட்டர் தர்றது?"

இங்கேயும் அதே கதைதானா? பியூலா பையை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

ஜெபராஜ் படிவத்தை வாங்கினார். 'கஷ்டம் எவ்வளவு?' என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. கேள்வியை முழுசாப் படி என்று ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் திட்டுகிறவள் அதைப் படிக்கவே இல்லை. மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டாக்டர், இவ டீச்சர். மார்க் போட்டு வெச்சிருக்கா. இவ கணக்குல ரெண்டுன்னா ஃபெயிலு."

"என்னங்க, சும்மா இருங்க."

"எதுக்கு? டெய்லி நான்தான் டாக்டர் இவளுக்குத் தலை சீவி விடறேன். பின்னல் கோணலாத்தான் வரும். அப்படியே ஸ்கூலுக்குப் போயிடுவா."

யாருக்கும் தெரியக் கூடாதென்று மூடி வைத்திருந்த விஷயம். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், ஊரே நார்மல் என்ற அந்த ஆறு வருஷத்தில், 'நெஜமாவே வலிக்குதா?' என்று ஒரு தடவைகூடக் கேட்காத மனுஷன். ஆண்டவரே, இவரை எனக்குக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொன்னாள். கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் சிரிக்கவில்லை. "சாரி மேடம், நான்தான் கேட்டிருக்கணும்" என்று புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். "பத்துன்னா ரொம்பக் கஷ்டம். பயப்படாம போடுங்க."

தலை சீவுதல், பத்து. படி, பத்து. பியூலா டீச்சர் ஜென்மத்தில் யாருக்கும் இப்படி அள்ளிக் கொடுத்ததில்லை. முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருத்தல் என்ற வரியில் பேனா நின்றது. வந்து உட்கார்ந்து அவ்வளவு நேரம் ஆகிவிட்டிருந்தது, இடுப்பு கடுத்தது.

டாக்டர் அவள் முகத்தையும் கடிகாரத்தையும் பார்த்தார். "அத நீங்க எழுத வேணாம். எழுந்து நில்லுங்க மேடம்" என்றபடி தானும் எழுந்தார். ஜெபராஜும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மருந்து அலமாரி மேல் காகிதத்தை வைத்து, நின்றபடியே டாக்டர் கடிதத்தை எழுதத் தொடங்கினார்.