பொட்டலத்தில் வைக்காத சத்தம்

எனக்குப் பிறவியிலேயே தொண்டை பெரிசு. நான் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்லுவார். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என்னிடம் அதிகம் சொன்னது, "ஏங்க, கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்" என்பதுதான். எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்து, பச்சிளம் குழந்தைகள் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அந்த வார்டின் தலைமை நர்ஸ் முதல் நாளே என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

"சார், இது சந்தை இல்ல. நீங்க வாயைத் திறந்தாலே என் பிள்ளைங்க எல்லாம் திடுக்கிடுதுங்க. பேசணும்னா வராண்டாவுல போய்ப் பேசுங்க."

பெற்றது நாங்கள், பிள்ளைகள் அவருடையதாம். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனாலும் போனேன். அந்த வார்டில் யாரும் அந்த அம்மாளை எதிர்த்துப் பேசுவதில்லை.

மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நல்ல பெயராகத் தேடுகிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மை என்னவென்றால் வைக்கப் பயம். பெயர் வைத்துவிட்டு அவள் போய்விட்டால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? அதனால் சுண்டெலி என்றே கூப்பிட்டோம். என் உள்ளங்கையில் அவள் முதுகு அடங்கிவிடும்.

குறைமாதக் குழந்தைகள் தூக்கத்தில் சில சமயம் மூச்சு விட மறந்துவிடுமாம். டாக்டர் இதைச் சொன்னபோது நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். மூச்சு விட யாராவது மறப்பார்களா? மறக்கும். அப்போது நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைத் தேய்த்துவிடுவார். குழந்தைக்கு ஞாபகம் வந்துவிடும், மறுபடி மூச்சு விடும். அவ்வளவுதான் வைத்தியம், ஆனால் உடனே செய்தாக வேண்டும். அதற்குத்தான் அலாரம். எந்தக் கட்டிலில் மூச்சு நின்றாலும் நர்ஸ் மேசையிலிருக்கும் கம்ப்யூட்டர் அலறும். சுவரிலிருக்கும் திரையில் அந்தக் கட்டிலின் எண் சிவப்பாக மின்னும். கட்டிலோரத்துக் கருவிகளின் ஒலியை அணைத்து வைத்திருந்தார்கள், இரண்டு பக்கமும் சேர்ந்து அலறினால் காது போய்விடும் என்று.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள் எங்கள் நிறுவனத்துடையது. முதல் நாள் திரையைப் பார்த்து, "இது நம்ம சாமான்தான், தெரியுமா?" என்று பெருமையடித்தேன். மனைவிக்கு அந்தப் பெருமையெல்லாம் ஏறவில்லை.

"அப்படின்னா உங்க ஆளுங்ககிட்ட சொல்லி அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்களேன். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஈரக்குலையே ஆடிப்போகுது. நம்ம குழந்தையா, பக்கத்துக் குழந்தையான்னு பார்க்கறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வருது."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. அது என் வேலையுமில்லை.

என் வேலை என்ன என்று கேட்டால் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்றுவரை புரியாது. மென்பொருளை எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் எழுதியதை மூட்டை கட்டுகிறவன் நான். ஒரு மென்பொருள் என்பது ஒரே கோப்பு அல்ல. நூற்றுக்கணக்கான கோப்புகள், ஃபோல்டருக்குள் ஃபோல்டர். என் திரையில் இடது பக்கம் ஒரு வெறும் வீடு போலக் காட்டும். எந்தக் கோப்பு எந்த அறையில் போய் உட்கார வேண்டும் என்று பார்த்து ஒவ்வொன்றாக, ஃபோல்டர் ஃபோல்டராக, நான் சேர்க்க வேண்டும். சேர்த்து முடித்துப் பொத்தானை அழுத்தினால் ஒரே பொட்டலமாக வந்து விழும். வாங்கியவர் அதைத் தட்டினால் அவர் கம்ப்யூட்டரில் பழையது முழுக்க வழிக்கப்பட்டு, புதியது தானே பிரிந்து அதனதன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். நான் மூட்டையில் வைக்காதது அங்கே இருக்காது.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். எது கேட்டாலும் அவருக்கு நேற்றே வேண்டும். புதுப் பதிப்பு வந்ததும் என் தலைமேல் வந்து நின்றார். "கட்டுய்யா சீக்கிரம். ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டிருக்காங்க." நான் அன்று தூக்கமில்லாமல் வார்டிலிருந்து நேராக வந்திருந்தேன். கட்டினேன், கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்காரர் அதை நிறுவிவிட்டு, எல்லாம் நன்றாக வருகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தார். மதியம் மனைவி போன் செய்தாள். வார்டுக்குள் போன் கூடாது. வாசலிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாப்பிட வெளியே வரும்போதுதான் பேசுவாள். அன்று அவள் குரலில் ஒரு தெளிவு இருந்தது. எத்தனையோ நாளாக நான் கேட்காத குரல்.

"ஏங்க, இன்னைக்கு வார்டு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா? காலையிலேர்ந்து ஒரு தடவைகூட அது கத்தல. சுண்டெலி அசந்து தூங்கறா. நானும் உக்காந்தபடியே கொஞ்சம் தூங்கிட்டேன். நீங்கதானே சொல்லிக் குறைச்சீங்க?"

நான் குறைக்கவில்லை. மருத்துவமனையிலேயே யாராவது குறைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவள் இவ்வளவு சந்தோஷமாகக் கேட்கும்போது இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை.

"பின்னே? யாரு புருஷன்?" என்றேன்.

சிரித்தாள். போனை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதே பதிப்பை வேறொரு மருத்துவமனைக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அன்று பிற்பகல் அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது. அதில் எதுவுமே இல்லை. சும்மாதானே இருக்கிறது என்று என் பொட்டலத்தை அதில் போட்டுப் பார்த்தேன். நிறுவிக்கொண்டது. திறந்தது. கட்டில்கள் வரிசையாக வந்தன. சோதனை அலாரத்தை அழுத்தினேன். கட்டில் எண் சிவப்பாக மின்னியது. சத்தம் வரவில்லை.

ஒலிபெருக்கியின் செருகியைப் பிடுங்கி மறுபடி செருகினேன். வேறு ஏதோ பாட்டைப் போட்டேன், நன்றாகவே பாடியது. மறுபடி அலாரத்தை அழுத்தினேன். சிவப்பு மட்டும்தான். என் சொந்தக் கம்ப்யூட்டருக்கு ஓடிப்போய் அதில் அழுத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்தப் பதிப்பில் ஒலிக் கோப்புகளைத் தனியாக ஒரு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தார்கள். என் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் இருக்கிறது, எழுதியவர்களிடமிருந்து நேராக வந்தது. பொட்டலத்தில் அது இல்லை. நான் சேர்க்கவில்லை. ஒலிக் கோப்பு கிடைக்காவிட்டால் மென்பொருள் புகார்கூடச் செய்யாமல் பேசாமல் இருந்துவிடும்படி யாரோ ஒரு புண்ணியவான் எழுதியும் வைத்திருந்தான்.

வார்டு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா?

மனைவிக்குப் போன் போட்டேன். அலமாரிக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கும். மருத்துவமனை எண்ணுக்குப் போட்டேன். வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள்.

"குழந்தைங்க வார்டுக்குக் குடுங்க, அவசரம்."

"லைன் பிஸியா இருக்கு சார். காத்திருங்க."

இசை போட்டுவிட்டாள். நான் சேர்க்க மறந்த சத்தம் ஒரு பக்கம், இவள் போட்ட புல்லாங்குழல் ஒரு பக்கம். துண்டித்து மறுபடி போட்டேன்.

"யம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மேல ஒரு ஆளை ஓடச் சொல்லுங்க. அலாரம் வேலை செய்யலைன்னு சொல்லணும்."

"நீங்க யார் சார் பேசறது?"

"யாரா இருந்தா என்ன? ஓடச் சொல்லுங்க!"

"கத்தாதீங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

மேனேஜர் அறைக்குள் நுழைந்து விஷயத்தைக் கொட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போனது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் நிதானமானார்.

"இரு, இரு. பதட்டப்படாதே. எப்படிச் சொல்றதுன்னு யோசிப்போம். நம்ம தப்புன்னு எடுத்த எடுப்புல சொல்லிட்டா நாளைக்குப் பெரிய பிரச்சனையாயிடும். முதல்ல வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை..."

"உள்ள என் பொண்ணு இருக்காய்யா!" என்று கத்தினேன். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. "போனை எடுத்து அடிச்சுக்கிட்டே இருங்க. யார் எடுத்தாலும் சொல்லுங்க. சொல்லல, திரும்பி வந்து உங்களை என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

ஒலி ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். பைக்கின் சாவித் துவாரத்தில் சாவி நுழைய மாட்டேன் என்றது. பாலத்தில் லாரியொன்று குறுக்கே நின்றிருந்தது. நடைபாதைமேல் ஏற்றி ஓட்டினேன். யாரோ என்னைத் திட்டினார்கள், நன்றாகத் திட்டட்டும். வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் ஓடியது. காலையிலிருந்து ஒரு தடவைகூட அது கத்தல. அப்படியென்றால் காலையிலிருந்து ஒரு குழந்தைகூட மறக்கவில்லையா? அல்லது மறந்ததும் தானாக ஞாபகம் வந்ததா? வராவிட்டால்? அவள் அசந்து தூங்குகிறாள் என்றாளே, அது தூக்கம்தானா? அதற்குமேல் நினைக்க எனக்குத் தைரியமில்லை. சுண்டெலி, மூச்சு விடு, மூச்சு விடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினேன். வார்டின் வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே விளக்குகளை மங்கலாக்கியிருந்தார்கள். ஒரு நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குழந்தைக்குக் குழாய் வழியாகப் பால் இறக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கோடியில் யாருக்கோ ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். தலைமை நர்ஸ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் போன் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் சாய்ந்து கிடந்தது. என் மனைவி எங்கள் பெட்டியருகே நாற்காலியில் கண்ணாடிப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. நான் வாயைத் திறக்கப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்று சிரித்தாள். தூங்குகிறாள் என்று தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

அவள் தலைக்குப் பின்னால், சுவரில், எங்கள் கட்டில் எண் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

கதவை இடித்துத் திறந்தேன். செருப்பைக் கழற்றவில்லை, கை கழுவவில்லை. என் தொண்டையில் இருந்த அத்தனையையும் எடுத்துக் கத்தினேன்.

"ஏழாம் நம்பர்! மூச்சு நின்னுடுச்சு! ஏழாம் நம்பர்!"

வார்டிலிருந்த குழந்தைகள் எல்லாம் ஒரேயடியாக வீறிட்டன, எங்கள் குழந்தையைத் தவிர. தலைமை நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு, அந்தக் குட்டிப் பாதத்தைப் பிடித்துத் தேய்த்தார். சுண்டெலியின் உதடு நீலமாக இருந்தது. மறுபடி தேய்த்தார். முதுகைத் தடவினார். "வாம்மா, வா, வா கண்ணு, மறக்காதே" என்றார். என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுண்டெலியின் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப்போட்டது. பிறகு இன்னொரு தடவை. பிறகு அவளும் அழ ஆரம்பித்தாள். பூனைக்குட்டிச் சத்தம்தான், அதற்குமேல் அவளிடம் தெம்பில்லை.

"சிஸ்டர், அலாரத்துல சத்தமே வராது" என்றேன். "காலையிலேர்ந்து வராது. கட்டில்கிட்ட இருக்கிற மெஷினெல்லாம் சத்தத்தைத் திறந்துவிடச் சொல்லுங்க, உடனே."

"யார் பண்ணின வேலை இது?"

"என் வேலை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்புறம் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நர்ஸ்களை ஆளுக்கொரு வரிசைக்கு விரட்டினார். மற்ற குழந்தைகள் எல்லாம் நன்றாக இருந்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் பென் டிரைவை வெளியே எடுத்தேன். கம்ப்யூட்டர்காரர் ஓடிவந்தார், ஃபோல்டரை அதன் இடத்தில் வைத்தோம், சோதனைக்கு அழுத்தினோம். வார்டே அதிர அலறியது. என் மனைவி திடுக்கிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் அடங்கிய பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கையைப் பெட்டிக்குள் விட்டு, சுண்டெலியின் வயிற்றின்மேல் வைத்திருந்தாள். மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"என்னாலதாங்க" என்றாள். கண்ணீர் நிற்காமல் வழிந்தது. "நான்தானே அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். நீங்க எனக்காகப் போய்ச் சொல்லி... என் வாயாலேயே என் பொண்ணை..."

ஒரு கணம், பேசாமல் இருந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதே, அதற்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

சொன்னேன். ஆனால் குரலே வரவில்லை.

"என்ன? கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"நீ சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல. யாரும் எதையும் குறைக்கல. அந்தச் சத்தத்தைப் பொட்டலத்துல வைக்க மறந்துட்டேன். நான்தான் கட்டினேன். நான்தான் மறந்தேன். மதியம் நீ கேட்டப்போ சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அழுகை நின்றுவிட்டது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நர்ஸ் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடித்தது, ஓடினார்கள், நின்றது. நான் எழுந்தேன், வராண்டாவில் போய் நிற்கலாம் என்று.

"எங்க போறீங்க?"

"வெளியில நிக்கறேன்."

"ஒண்ணும் வேணாம். இங்கயே உக்காருங்க. அந்தச் சுவத்தைப் பாருங்க."

"இப்பதான் சத்தம் வருதே."

"எனக்கு அதுமேல நம்பிக்கை இல்ல" என்றாள். "செவப்பு வந்தா, நீங்க கத்துங்க."

உட்கார்ந்தேன். தலைமை நர்ஸ் மேசையிலிருந்து எங்களைப் பார்த்தார். வெளியே போ என்று சொல்லவில்லை.