மூச்சிருக்கும் வரை ஓட்டு

மேல்முறையீட்டு நீதிபதி ஆல்டன் ப்ரூட்டின் உயிர் முந்நூற்று எண்பது டாலர். அடகுக் கடையில் துப்பாக்கிக்குக் கொடுத்த விலை அது. பேரம் பேசியிருந்தால் இன்னும் முப்பது குறைந்திருக்கும். காலையில் வாசலில் பத்திரிகையை எடுக்கக் குனிந்தவரின் முதுகில் மூன்று குண்டுகள். மகள் மார்கிட் ஓடிவந்து கையால் அடைக்கப் பார்த்தாள். ஓட்டை மூன்று, கை இரண்டு.

சுட்டவன் ரைமர். அவன் தங்கையைக் கொன்ற கார்வினுக்கு மரண தண்டனை. அதை ரத்து செய்ய வேண்டும் என்று மூன்று நீதிபதிகளில் ஆல்டனும் இன்னொருவரும் முடிவெடுத்திருந்தார்கள். ஹோல்கம் மட்டும் கூடாதென்றார். ஆல்டன் விசாரணையில் கேட்ட கேள்விகளை வைத்தே ரைமர் அவர் பக்கத்தைக் கண்டுகொண்டான்.

தீர்ப்பை எழுதி மூன்று வாரமாயிற்று. ஹோல்கம் தன் மறுப்புத் தீர்ப்பை எழுதி முடிக்கட்டும் என்று ஆல்டன் காத்திருந்தார். அந்தக் கோர்ட்டில் அது மரியாதை. ஆனால் தீர்ப்பு வெளியாகுமுன் நீதிபதி செத்தால் அவர் ஓட்டும் செத்துவிடும். ஒன்றுக்கு ஒன்று என்று சமமானால் தண்டனை நிற்கும்.

நிற்கட்டும் என்பதுதான் மார்கிட்டின் கட்சி. ஞாயிற்றுக்கிழமைகூடச் சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு சண்டை. தனக்கும் கார்வினைப் பிடிக்காது, அரசுத் தரப்பில் சாட்சியை மறைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் உருளைக்கிழங்கைக் கேட்டார். இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு ஹோல்கம் டை கட்டாமல் வந்து நின்றார்.

"உங்க மறுப்பு இன்னும் வரலையே, ஜட்ஜ்."

"இன்னும் நாலு பக்கம் இருக்கு, மார்கிட்."

"அப்பாகிட்ட நாலு பக்கம் இல்ல."

கண்ணாடி அறைக்குள் இயந்திரம் அலறியது. நர்ஸ் முக்காலியில் ஏறி ஆல்டனின் நெஞ்சை அழுத்தினாள். விலா எலும்பு மளுக்கென்று முறிந்தது வெளியே கேட்டது. நாடி வந்தது, போனது, வந்தது. தையல் பிரிந்து விரிப்பில் ரத்தம் பரவியது. டாக்டர் வெளியே வந்து, இனி இது சித்திரவதை, நிறுத்தட்டுமா என்றார்.

"நிறுத்தாதீங்க."

இன்னொரு எலும்பு. மார்கிட் ஹோல்கமையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசாமல் நின்றிருந்தாலே போதும், வழக்கு அவர் பக்கம். மூன்றாவது எலும்புக்கு அவர் கண்ணை மூடி, போனைக் காதில் வைத்தார்.

"ப்ரூட்டோட தீர்ப்பை இப்பவே வெளியிடுங்க. என்னுது பின்னாடி வரும்... ஆமா, நான்தான் சொல்றேன்."

நர்ஸ் அழுத்திக்கொண்டே இருந்தாள். போன் அதிர்ந்ததும் ஹோல்கம் திரையை நீட்டினார். தீர்ப்பு வெளியான நேரம் பத்து ஐம்பத்திரண்டு.

"போதும்" என்றாள் மார்கிட்.

நர்ஸ் முக்காலியிலிருந்து இறங்கினாள். டாக்டர் மரண நேரத்தைச் சொன்னார்: பத்து ஐம்பத்து நான்கு.

மார்கிட் திரையைக் கடைசி வரிவரை தள்ளினாள். தண்டனை ரத்து: ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஒன்று.