டெக்லன் கையில் துப்பாக்கி

பெல்ஃபாஸ்டில் அந்த வாரம் மழை பெய்யாமல் போனது ரோஷீனின் கெட்ட நேரம். பெய்திருந்தால் அவள் வீட்டுப் பக்கச் சுவரில் எவனும் ஏணி சாத்தியிருக்க மாட்டான்.

துணி ஆலையிலிருந்து அலுத்துச் சலித்துத் திரும்பியவள், தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். சுவர் முழுக்க அவள் தம்பி டெக்லன். பத்து வருடத்துக்கு முன் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரன் சுட்டுச் செத்தவன். முகம் அச்சு அசலாக வந்திருந்தது. படம் வரைந்துகொள்ளுங்கள் என்று சொன்னவளும் அவள்தான். ஆனால் கையில் துப்பாக்கி வரும் என்று யாரும் அவளிடம் மூச்சு விடவில்லை.

"மாலக்கி! என்ன கூத்து இது?"

ஏணிக்குக் கீழே நின்றிருந்த மாலக்கி, அந்தத் தெருவில் ஐரிஷ் விடுதலைக் கட்சிக்கு எல்லாமுமானவன். அவளோடு ஒரே பள்ளியில் படித்தவன். "நல்லா வந்திருக்குல்ல?"

"சாகும்போது அவன் கையில உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்தான்டா இருந்துச்சு. எனக்காக வாங்கப் போனான்."

"வறுவல் பொட்டலத்தோட தியாகியை வரைஞ்சா எவன் ஓட்டுப் போடுவான்? அடுத்த வாரம் தேர்தல், ரோஷீன்."

"ஏசு மரி சூசையே! அப்ப நாடு, விடுதலை எல்லாம் ஓட்டு வாங்கறதுக்குத்தானா?"

மாலக்கியின் முகம் சுருங்கியது. "எட்டு வருஷம் ஜெயில்ல கிடந்தேனே, அது ஓட்டுக்கா?"

அதுதான் தொல்லை. இவன் வெறும் புளுகனாக இருந்தால் திட்டிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பாள். நம்புகிறவனே புளுகினால் யாரிடம் போய் முறையிடுவது? டெக்லனும் நம்பியவன்தான். அந்த நம்பிக்கையோடு ஒரே வீட்டில் குடியிருந்தது அவளுக்கல்லவா தெரியும்! சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூட ஆங்கிலத்தில் கேட்டால் தரமாட்டான், ஐரிஷ் மொழியில் கேட்டால்தான் நகர்த்துவான். அந்த மொழி வாயில் வராமல் எத்தனை நாள் சப்பென்ற சூப்பைக் குடித்துவிட்டு எழுந்திருக்கிறாள்.

"சீக்கிரம் பேசி முடிங்க. எனக்கு டீ ஆறுது," என்றார் ஏணி மேலிருந்த ஓவியர்.

"நீங்க இறங்குங்க. நானே அழிக்கிறேன்."

ஓவியர் இறங்கியதும் அவள் முதல் படியில் கால் வைத்தாள். மாலக்கி ஏணியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "உனக்குத் தெரியாது. சாகறதுக்குக் கொஞ்சநாள் முன்னாடி எங்கிட்ட வந்து துப்பாக்கி கேட்டான். வீட்டுக்குப் போடான்னு துரத்திட்டேன். அழுதுட்டான்."

ரோஷீன் படியிலிருந்து காலை எடுத்தாள். "அடக்கத்தன்னிக்கு இதை ஏன் சொல்லல?"

"அன்னிக்கு, ஒண்ணுமறியாத பிள்ளையைச் சுட்டுட்டாங்கன்னுதானே பேச வேண்டியிருந்துச்சு."

அவன் முகத்தையே பார்த்தாள். மெய்யா, இதுவும் அடுத்த வாரத்துக்கான பேச்சா? மேடையில் கத்தும்போதும் இதே முகம்தான், கோயிலில் முழந்தாளிடும்போதும் இதே முகம்தான். அவனுக்கே வித்தியாசம் தெரியுமோ என்னவோ. இனி டெக்லனைக் கேட்கவும் வழியில்லை.

"சரி, அவன் கேட்டான். நீ குடுக்கல. அப்படித்தானே?"

"குடுக்கல."

"அப்ப இப்பவும் குடுக்காதே."

அவன் கை ஏணியிலிருந்து நழுவியது. அவள் ஓவியரின் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.