சோபாவில் உட்கார்ந்தால் தொண்ணூற்று நாலு

எந்நேரமும் கழுத்தில் அளவு டேப்போடு திரிவதால் அந்தத் தையல்காரனைத் தெருவே டேப்பு என்றுதான் கூப்பிடும். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவன். ஆனால் பத்து நாளாக வீட்டையே ஆட்டிப் படைத்த ஓர் எண்ணின் முன்னால் அவனுடைய டேப்பு செல்லுபடியாகவில்லை. மனைவியின் லேப்டாப்பில் முந்நூறு காட்ட வேண்டிய இணைய வேகம், சண்டி மாடு மாதிரி தொண்ணூற்று நாலிலேயே படுத்துக்கொண்டது.

மனைவிக்கு வீடியோ எடிட்டிங் வேலை. கல்யாணமாகி எட்டே மாதம். வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சம்மதித்த கம்பெனி நேற்று கறாராகச் சொல்லிவிட்டது: இன்றைக்குள் வேகம் சரியாக வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். தலைமை அலுவலகம் ரயிலில் பன்னிரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தது. டேப்பு அன்று கடையே திறக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கம்பெனி இன்ஜினியர் போனில் வந்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ரவுட்டரை அணைச்சுப் போட்டீங்களா மேடம்?”

“நாப்பது தடவை சார்.”

“வேற லேப்டாப்?”

“பக்கத்து வீட்ல வாங்கிப் பார்த்தோம். அதுலயும் தொண்ணூத்தி நாலுதான்.”

“கேபிள்?”

“கேபிள் பத்திரமா இருக்கு சார்,” என்று டேப்பு குறுக்கே புகுந்தான். “கண்ணுலயே படாது!”

“சரி. பத்து நாளைக்கு முன்னாடி வீட்டுக்குப் புதுசா ஏதாவது வந்துச்சா?”

“இவர்தான் வந்தாரு,” என்று சமையலறையிலிருந்து டேப்புவின் அம்மாவின் குரல் கேட்டது.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். வந்த நாளிலிருந்து பகலெல்லாம் சோபாவின் இடது மூலையில் பேப்பருக்குப் பின்னாலேயே இருந்தவர், பேப்பரைத் தாழ்த்தினார்.

“நான் என்னடி பண்ணேன்?”

“மக வீட்ல போய் உட்கார்ந்தீங்க, டிவி போச்சு. உங்க தம்பி வீட்ல தங்கினீங்க, மோட்டார் போச்சு. சொல்லணுமேன்னு சொன்னேன்.”

“நான் இருக்கறதுதான் கஷ்டம்னா வெளியே போய்த் தொலையறேன்!” அப்பா விருட்டென்று எழுந்தார்.

“முந்நூத்தி ஒண்ணு!” என்று மனைவி கத்தினாள்.

திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

“மாமா, கோச்சுக்காதீங்க. கொஞ்சம் உட்காருங்க.”

உட்கார்ந்தார். தொண்ணூற்று நாலு.

“எழுந்திருங்க மாமா.”

முந்நூற்று ஒன்று.

“மேடம், அங்க என்ன நடக்குது?”

“மாமனாரை உட்கார வச்சு எழுப்பறேன் சார்.”

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. “எனக்கு இருபது வருஷ சர்வீஸ்,” என்றார் இன்ஜினியர். “சரி, வேற யாரையாவது உட்கார வைங்க.”

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதே மூலையில் உட்கார்ந்தாள். தொண்ணூற்று நாலு. அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! “பார்த்தியா? நீயும் ராசியில்லாதவதான்!”

“சோபாவுக்கு அடியில கேபிள் போகுதா மேடம்?”

“அடியில போகலை சார்…” என்று இழுத்த மனைவி, மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

டேப்பு கழுத்து டேப்பைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தான்.

அப்பா ஊரில் இல்லாதபோது நடந்த சங்கதி அது. வாசலோரத்து ரவுட்டரிலிருந்து மனைவியின் மேஜைக்குத் தரையில் ஓடிய கேபிள் தடுக்கி அவள் விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. டேப்புவுக்கு மனசே ஆறவில்லை. நடுக்கூடத்து சோபாவுக்கு அப்போதுதான் புது உறை தைத்துக்கொண்டிருந்தான். உறையின் விளிம்பில் உருண்டையாக ஓடும் பைப்பிங்குக்குள் கயிறு வைப்பது வழக்கம். அளந்து பார்த்தான், கேபிளும் அதே பருமன். கயிற்றுக்குப் பதிலாகக் கேபிளையே உள்ளே வைத்துத் தைத்துவிட்டான். வந்தவர்களெல்லாம் பைப்பிங்கைப் பாராட்டினார்கள். கேபிளை மற்றவர்கள் மறந்தே போனார்கள்.

திக்கித் திணறி அதைச் சொல்லி முடித்தான்.

“நெட் கேபிளை மெஷின்ல விட்டுத் தைச்சீங்களா?” இன்ஜினியரின் குரலில் கோபத்தைவிட மரியாதைதான் அதிகமாக இருந்தது. “உள்ள எட்டுக் கம்பி இருக்கு சார். எட்டும் சரியா இருந்தாத்தான் முந்நூறு. ஒண்ணு விட்டாலும் மிச்சத்துல நாலை வச்சு ஓட்டும், நூறைத் தாண்டாது. உங்க ஊசி ஒண்ணைக் குத்தியிருக்கு. ஆள் உட்கார்ந்தா அது பிரியுது, எழுந்தா ஒட்டுது.”

“அவ்வளவுதானே?” என்றார் அப்பா. “மருமக வேலை முடியற வரைக்கும் நான் நின்னுக்கறேன். முப்பது வருஷம் பஸ்ல நிக்கலையா?”

“சார், உங்களை நிக்க வச்சு நான் அப்ரூவல் தர முடியாது.”

டேப்பு கத்திரிக்கோலை எடுத்து சோபாவின் முன்னால் மண்டியிட்டான். ஒரு சுருக்கம் இல்லாமல் வந்த பைப்பிங் அது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, எவ்வளவு அழகா வந்த தையல்…”

“நீ இங்க இருந்தா நூறு தைப்பேன்,” என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் வெட்ட ஆரம்பித்தான்.

அப்பாவே எலக்ட்ரிகல் கடைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தார். கதவுக்கு மேலே ஏற்றிச் சுவரோரமாகக் கொண்டுபோய்ச் சொருகினார்கள். பிறகு பைப்பிங் இழந்து வாயைப் பிளந்திருந்த சோபாவில் அப்பா, அம்மா, டேப்பு மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

முந்நூற்று இரண்டு.

“ஓகே மேடம், நீங்க இங்க வர வேண்டியதில்லை. ரிப்போர்ட்டுல காரணம் மட்டும் போடணும்.”

“என் பேரைப் போட்டுடாதீங்க!” என்றார் அப்பா.

“புருஷன்னு போடுங்க சார்,” என்றான் டேப்பு. “தப்பு என்னோடதுதான்.”

“அப்படி ஒரு கட்டம் இல்லையே சார். மழை, மின்சாரம், எலி. இந்த மூணுதான் இருக்கு.”

மனைவி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். “எலின்னே போட்டுடுங்க சார்.”

தன்னை எலி என்று எழுதிக் கொடுத்ததற்காக இவ்வளவு பூரித்துப்போன ஓர் ஆண்பிள்ளையை அந்தத் தெரு பார்த்ததில்லை. போனை வைத்ததும் அவள் மேஜைக்குப் போனாள். தேங்கிக் கிடந்த வீடியோக்கள் சர்சர்ரென்று கிளம்பின.

“ஏங்க எலி,” என்றாள் திரும்பாமலே, “அந்தக் கத்திரிக்கோலைக் கடைக்கு எடுத்துட்டுப் போய்டுங்க. போயிட்டு சீக்கிரம் வாங்க.”